காப்பி ஹை

எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்றாகக் கேட்டால் அரை டம்ளர்தான் வரும். இது பிடிபட்டதும் நான் கெட்டிக்காரத்தனமாக இரண்டு டம்ளர் கேட்டுப் பார்த்தேன். அப்போதும் அரை டம்ளர்தான் வந்தது.

"ரெண்டு கேட்டா ஒண்ணாவது வரணுமேக்கா?" என்றேன்.

"ஒனக்கு வேண்டியது ஒண்ணு. நான் பாதிதான் குடுப்பேன்னு தெரிஞ்சு ரெண்டு கேக்குற. ஒண்ணு வேணுங்கிறவளுக்கு அரை போதும். டப்பாவக் காட்டு" என்று சர்க்கரையைக் கவிழ்த்தாள். டம்ளரின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து என் வாயிலேயே வைத்துவிட்டுப் போனாள். அவளோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டு வரிசையில் யாருமில்லை.

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் அவள் எல்லோருக்கும் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அக்கா. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி. நானோ காவிரிக்கரையில், மாட்டுக்கு வைக்கிற கழுநீரிலேயே ஒரு ஆள் பசியாறும் அளவுக்குச் சோறு மிதக்கிற வீட்டில் வளர்ந்தவள். எங்கள் இருவருக்கும் எதிரெதிரே வீடு ஒதுக்கிய அதிகாரி யாரோ, நல்ல குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் அறுபதுகளில், போர்ட் பிளேயரில். என் கணவருக்கு அரசாங்கத்தில் ஓவர்சியர் வேலை. மர வீடு, தகரக் கூரை, கூரைக்குக் கீழே மழைத் தண்ணீர் பிடிக்க டிரம். அந்த ஊரில் சம்பளம் போதவில்லை என்று யாரும் அழுது நான் பார்த்ததில்லை. கையில் காசு இருக்கும், கடையில் சாமான் இருக்காது. அதுதான் அங்கே கஷ்டம். வெங்காயம், புளி, பருப்பு, காப்பித்தூள், தீப்பெட்டி, தபால், மாப்பிள்ளை என்று எல்லாமே மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். கப்பலோ வரும்போதுதான் வரும். வந்த வாரம் வரிசை முழுக்கச் சாம்பார் மணக்கும். அடுத்த வாரம் ரசம். அதற்கும் அடுத்த வாரம் எல்லா வீட்டிலும் மீனும் தேங்காயும்தான். அவை இரண்டுக்கும் அங்கே என்றும் பஞ்சமில்லை.

அக்கா வீட்டில் மட்டும் கப்பல் வந்த வாரமும் வராத வாரமும் சாம்பார் ஒரே மாதிரிதான் மணக்கும். அதாவது, பாதி மணக்கும்.

கப்பல் வந்து மூட்டை இறங்கிய அன்றைக்கே அவள் வெங்காயத்தை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியைக் கிண்ணத்தில் கவிழ்த்து வைப்பாள். சோப்புக் கட்டியை நூலால் அறுத்துப் பரணில் காயவைப்பாள். காய்ந்த சோப்பு சீக்கிரம் கரையாதாம். தீக்குச்சியைப் பிளேடால் நெடுக்குவாட்டில் பிளப்பாள். அதிலும் நமத்துப்போகாத பாதி எது என்று தொட்டுப் பார்த்தே அவளுக்குத் தெரியும்.

"மூட்டையே இன்னும் முழுசாப் பிரிக்கலை. இன்னைக்கேவாக்கா பாதி?" என்று கேட்டேன்.

"இருக்கிற அன்னைக்குப் பாதி வச்சாத்தானத்தா இல்லாத அன்னைக்குப் பாதி இருக்கும். இல்லாத அன்னைக்கு எதுல இருந்து பாதி வைப்ப?"

கணக்கு என்னவோ சரிதான். ஆனால் எரிச்சல் இருந்தது. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் பேசப் போனால் விளக்கை ஏற்ற மாட்டாள். இருட்டிலேயே உட்கார வைத்துவிடுவாள். "பேசுறதுக்கு எதுக்கு வெளக்கு? ஒன் வாய் எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா?" என்பாள். நானும் இருட்டில் என் வாயைக் கண்டுபிடித்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, தட்டுத் தடுமாறி வீடு வந்து சேர்வேன்.

அவள் வீட்டுக்காரர் சாத்தம் ஜெட்டியில் கப்பலிலிருந்து சாமான் இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. அதிகம் பேசாத மனிதர். அவர் பேப்பர் படிக்கிற அழகைச் சொல்லியே ஆக வேண்டும். கப்பலில் தமிழ்ப் பேப்பர்கள் கட்டாக வந்து இறங்கும். மற்ற வீட்டு ஆண்கள் எல்லாரும் கடைசித் தேதிப் பேப்பரை உருவி அதைத்தான் முதலில் படிப்பார்கள். அக்கா வீட்டில் அந்தக் கட்டு அரிசிப் பானைக்கு மேல் அவளுடைய காவலில் இருக்கும். தினம் காலையில் தேதி வரிசைப்படி ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். "எல்லாத்தையும் இன்னைக்கே படிச்சுப்புட்டா நாளைக்கு என்னத்தப் படிப்பீக?" என்பது அவள் கட்சி. எங்கள் வீட்டில் முடிந்துபோன டெஸ்ட் மேட்சுக்கு அவர் வீட்டில் அப்போதுதான் டாஸ் போட்டிருப்பார்கள். பாவம், வேலி ஓரமாக வந்து நின்று என் கணவரிடம் மெல்ல, "சார், நாம ஜெயிச்சமா?" என்று கேட்பார். "சொல்லட்டுமா?" என்று இவர் வாயெடுத்தால், ஒருதரம் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "வேண்டாம் சார், இருக்கட்டும்" என்று போய்விடுவார். நாளடைவில் அவருக்கே அதில் ஒரு ருசி பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இனி காப்பி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வரிசையில் தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று கலந்து இருந்தோம். எல்லாருக்கும் பொது மொழி இந்தி. அவரவர் கைக்கு வந்தபடி அதை உடைத்துப் பேசினோம். பக்கத்து வீட்டில் இருந்த வங்காளிப் பெண்ணை எல்லாரும் தீதி என்போம். நான் போன புதிதில், அக்கா ஒருநாள் தீதியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மீன் குழம்பு. அடுத்தவருக்குப் பரிமாறும்போது மட்டும் அக்காவுக்குப் பாதிக் கணக்கு கிடையாது. இரண்டாம் தரம் சோற்றைக் கொண்டுபோனதும் தீதி தட்டின் மேல் கையை விரித்து, "காஃபி ஹை, காஃபி ஹை" என்றாள். இந்தியில் அதற்குப் போதும் என்று அர்த்தம். அக்காவுக்குக் காப்பி என்று காதில் விழுந்தது.

கப்பல் வந்து நாளாகிவிட்ட சமயம். டப்பாவின் அடியில் கொஞ்சம் தூள்தான் இருந்தது. இருந்தாலும் வாய்விட்டுக் கேட்ட விருந்தாளியாயிற்றே என்று அக்கா காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். டீயைத் தவிர எதையும் தொடாத தீதி, மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு அதைக் குடித்தாள். அக்கா மறுபடியும் ஊற்ற வந்தாள். தீதி பதறிப்போய், "நஹி நஹி, காஃபி ஹை!" என்று கத்தினாள். அக்கா டப்பாவைத் தட்டிக் கொட்டி இன்னொரு டம்ளர் போட்டாள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்து பொரிந்து தள்ளினாள். "மீனத் தின்னுப்புட்டு யாராச்சும் காப்பி குடிப்பாகளா? அதுவும் ரெண்டு மட்டம்! நானே அரை டம்ளருக்கு மேல குடிக்கிறதில்ல." இந்தி தெரிந்த என் கணவர் விஷயத்தை விளக்கினார். அக்கா சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் அவளிடம் கண்டதில்லை. "போதும் போதும்னு கத்தியிருக்கா. நான் ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்கேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அது அவளுடைய சொல்லாகிவிட்டது. எண்ணெய் ஊற்றும்போதும், குழாயை மூடும்போதும், நான் அதிகமாக வம்பு பேசும்போதும், "காப்பி ஹை" என்பாள்.

கஞ்சம் என்று அவளைச் சிலர் பேசினார்கள். எரிச்சலில் நானும் பேசியதுண்டு. ஆனால் கஞ்சர்கள் பதுக்குவார்கள். அக்கா பதுக்கி நான் பார்த்ததில்லை. கப்பல் ரிப்பேர், அடுத்த மாதம்தான் வரும் என்று ஒருமுறை புரளி கிளம்பியது. ஊரே அபெர்தீன் பஜாரில் பாய் கடைக்கு ஓடியது. என் கணவர் ஒரு மூட்டை வெங்காயத்தைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த ஈரக்காற்றில் பாதி மூட்டை அழுகி, வரிசை முழுக்க நாறியது. அக்கா வழக்கமாக வாங்குவதைத்தான் அன்றும் வாங்கினாளாம். "இந்த ஊர்லயே கப்பல நம்புற ஆளு உங்க எதிர்வீட்டுத் தங்கச்சி ஒண்ணுதான்மா" என்று பாய் என்னிடம் சொன்னார். அப்போது எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

அந்த வருஷக் கடைசியில் எனக்கு ஏழாம் மாதம். கப்பலில் ஊருக்குப் போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதனால் அம்மா புறப்பட்டு வருவது என்று முடிவாயிற்று. வந்து வளைகாப்புப் போட்டு, பிரசவம் பார்த்து, குழந்தை தலை நின்ற பிறகுதான் திரும்புவாள். திருவாரூரைத் தாண்டித் தனியாகப் போகாத அம்மா, எனக்காகக் கடல் தாண்டப் போகிறாள் என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா கையால் வளையல் போட்டுக்கொள்ளாமல் பிரசவத்துக்குப் போக மாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கப்பல் மெட்ராஸை விட்டுக் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது. மறுநாளே ரேடியோவில் புயல் என்றார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. வரவேண்டிய நாள் போயிற்று. அதற்குப் பின்னும் நாட்கள் போயின. என் கணவர் ஆபீசிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார். அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. ஜெட்டியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மாதம் முடியப் போகிறது, எட்டில் வளைகாப்பு ஆரம்பிக்கக் கூடாது, இப்போதே செய்துவிடலாம் என்று தெலுங்கு வீட்டு அம்மா சொன்னாள். அம்மா இல்லாமல் முடியாது என்று நான் அழுதேன். அக்கா என் தலையைத் தடவினாள். "அம்மா வருவாக. மாசம் அவுகளுக்காக நிக்காதுல்ல. நாள் பாத்தாச்சு, எந்திரி."

வளையலுக்கு எங்கே போவது? பாய் கடையில் இருந்த கண்ணாடி வளையல் எல்லாம் துர்கா பூஜைக்கே தீர்ந்துவிட்டது. புதுச் சரக்கு, அம்மா வருகிற அதே கப்பலில்தான். அக்கா ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு சோப்புமாக வீடு வீடாகக் கிளம்பினாள். முழுச் சோப்பு! அறுக்காத கட்டி. அதை அவள் கையில் பார்த்ததுதான் எனக்கு அன்றைய முதல் அதிசயம்.

"ஒரு கையக் காட்டு" என்பாள். சோப்பு நுரையைக் குழைத்துத் தடவி, வலிக்காமல் வளையல்களை உருவுவாள். மங்கலம் கெடக் கூடாது என்பதற்காக அந்தக் கையில் ஒன்றை மட்டும் விட்டுவைப்பாள். மறு கையைத் தொட மாட்டாள். தீதி சங்கு வளையல்களுக்கு இடையில் போட்டிருந்த சிவப்புக் கண்ணாடி வளையல்களைக் கொடுத்தாள். தெலுங்கு வீட்டு அம்மா பச்சை கொடுத்தாள். அக்கா கையிலேயே கைக்கு இரண்டுதான் இருந்தன. ஒன்றைக் கழற்றித் தட்டில் போட்டாள். அன்று எங்கள் வரிசையில் எல்லாப் பெண்களுக்கும் ஒரு கை நிறைந்தும் மறு கை ஒற்றை வளையலோடும் இருந்தது.

மனையில் உட்கார வைத்தார்கள். சந்தனம் பூசினார்கள். சித்திரான்னங்கள் எல்லாம் தயார். புளி இல்லாததால் காய வைத்த மாங்காயைப் போட்டு அக்கா ஒரு புளிசாதம் செய்திருந்தாள். ஒவ்வொருவராக வந்து என் வலது கையில் வளையல் அடுக்கினார்கள். கை நிறைந்தது. இடது கையை நீட்டினேன். தட்டில் இன்னும் பாதி வளையல் இருந்தது.

அக்கா தட்டின் மேல் கையை விரித்தாள். "காப்பி ஹை."

எல்லாரும் கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். அவள் தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். சிரிப்பு நின்றது. "ஏக் ஹாத்? யே அச்சா நஹி ஹை" என்று தெலுங்கு வீட்டு அம்மா முகம் சுளித்தாள். ஒரு கையோடு நிறுத்துவது அபசகுனம் என்பது அவள் கவலை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மனையை விட்டு எழுந்தே விட்டேன். திரும்பி வந்த அக்காவிடம், "உங்க சிக்கனத்தை உங்க வீட்டு அடுப்போட வச்சுக்கங்க! இன்னைக்கு ஒரு நாளாவது முழுசாச் செய்யக் கூடாதா? எங்கம்மா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?" என்று கத்தினேன்.

"ஒக்காந்து சாப்புடு. சாதம் முழுசாத்தான் வச்சிருக்கேன்" என்றாள் அவள். அவ்வளவுதான்.

இன்றைக்கும் சொல்வேன், என் கோபம் நியாயமானது. ஒன்றைச் சொல்லாமல் செய்கிறவர்களைத் திட்டாமல் வேறு என்ன செய்வது? அதன் பிறகு நான் அவளோடு பேசவில்லை. அவள் தினமும் வாசலில் நின்று, "சாப்பிட்டியாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். நான் பதில் சொல்லாமல், அவளுக்குத் தெரியட்டும் என்றே தட்டை ஓசைப்பட வைத்துச் சாப்பிடுவேன். அவள் வீட்டில் பேப்பர் கட்டும் தீர்ந்துகொண்டே வந்தது. கடைசிப் பேப்பரை அவள் குறுக்கே கிழித்து, மேல் பாதியை இன்றைக்கும் கீழ்ப் பாதியை மறுநாளைக்கும் கொடுத்தாள் என்று அவள் வீட்டுக்காரர் என் கணவரிடம் சொன்னார். இருவரும் சிரிக்கவில்லை.

ஒரு மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் அவள் தனியாக நிற்பதைப் பார்த்தேன். அங்கிருந்து கடல் தெரியும். கையிலிருந்த ஒற்றை வளையலை உருட்டியபடி அசையாமல் நின்றாள். என்னைக் கண்டதும், "துணி காஞ்சிருச்சான்னு பாக்க வந்தேன்" என்றாள். அன்று அவள் வீட்டுக் கொடியில் துணியே இல்லை. அவளே சந்தேகப்பட்டால் பிறகு கப்பலை நம்ப யார் இருக்கிறார்கள்?

அதற்குப் பிறகு வந்த ஒரு காலையில் கப்பல் சங்கு ஊதியது.

ஆபீஸ் ஜீப்பில் ஜெட்டிக்குப் போனோம். புயலுக்கு ஒதுங்கி, சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது கப்பல். அம்மா பாதியாக இளைத்து, ஏணிப்படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். பின்னால் அக்காவின் வீட்டுக்காரர் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டு வந்தார். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா என் வலது கையைப் பார்த்தாள். "அப்ப முடிஞ்சிடுச்சாடி?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "போவுது, நல்லா இருந்தாச் சரி."

வீட்டில் பெட்டியைத் திறந்தாள். ஊறுகாய், அப்பளம், வீட்டில் வறுத்து அரைத்த காப்பித்தூள். அடியில் ஒரு துண்டில் சுற்றிய பொட்டலம். எடுக்கும்போதே கலகலவென்று சத்தம் வந்தது. பிரித்தாள். உள்ளே ஒரு வளையல்கூட முழுசாக இல்லை. கப்பல் ஆடிய ஆட்டத்தில் எல்லாம் சில்லுச் சில்லாக நொறுங்கிக் கிடந்தன.

"சித்தி, அத்தை எல்லாரும் தொட்டுக் குடுத்த வளையல்டி" என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடுக்கடலில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சாமியைக் கூப்பிட்டு அலறியபோதும் அழவில்லையாம். இப்போது அழுதாள்.

வாசலில் நிழல் தட்டியது. அக்கா துணி மூடிய அந்தத் தட்டோடு நின்றாள். பின்னால் தீதி, தெலுங்கு வீட்டு அம்மா, வரிசைப் பெண்கள் எல்லாரும், ஒரு கை நிறைந்தும் ஒரு கை ஒற்றையாகவும். அக்கா தட்டை அம்மாவின் மடியில் வைத்துத் துணியை எடுத்தாள்.

"எடது கை ஒங்களுக்குன்னுதாம்மா விட்டு வச்சிருக்கேன். போடுங்க."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளையலாக என் கையில் ஏற்றினாள். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக அழுததில்லை.

"ஏன்க்கா அன்னைக்கே சொல்லலை?" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ அந்தக் கையவே பாத்துப் பாத்து அழுதுக்கிட்டுக் கெடந்திருப்ப. கோவமா இருந்தேல்ல? நல்லாச் சாப்புட்ட."

கடைசி வளையலும் ஏறியது. இரண்டு கையும் நிறைந்தன. அக்கா காலித் தட்டை எடுத்துக்கொண்டு, என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இப்பக் காப்பி ஹை" என்றாள்.

கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய அம்மாவுக்கு இந்தி ஏது? "அட, கேக்கணுமா? இருங்கம்மா, இதோ போட்டுடறேன். பொடி நிறைய கொண்டாந்திருக்கேன்" என்று அடுப்படிக்கு ஓடினாள். விஷயத்தைச் சொல்ல வாயெடுத்த தீதியின் வாயை அக்கா கையால் பொத்தினாள்.

அம்மா எல்லாருக்கும் டம்ளர் வழிய வழியக் காப்பி கொண்டுவந்தாள். அக்கா இன்னொரு டம்ளர் கேட்டு அதில் பாதியை ஊற்றப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, முழு டம்ளரையும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"போதுமாம்மா?" என்று அம்மா பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, டம்ளரை நீட்டினாள்.

"காப்பி ஹை" என்றாள். அம்மா மறுபடியும் ஊற்றினாள்.